வேட்டுக்கு முன் ஒரு குரல்

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற பஸ்ஸில் ஏறி, பங்காரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னால், "எந்தப் பங்காரு?" என்று கண்டக்டர் கேட்பார். வேட்டு பங்காரு என்று சொல்லிவிட்டால் போதும். ஸ்டாப் இல்லாத இடத்தில்கூட விசில் ஊதி இறக்கிவிட்டு, "காது மந்தம், சத்தமா கூப்பிடுங்க" என்று புத்தியும் சொல்லி அனுப்புவார். கல் குவாரியில் பாறைக்கு வெடி வைப்பதுதான் பங்காருவுக்கு இளவயதிலிருந்து தொழில். இடது காது போய் வெகுநாள் ஆகிறது, வலது காது அரைகுறை. அதனால் அவர் எது பேசினாலும் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்று சொன்னால் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவர் மனைவி கமலா சொந்த அத்தை மகள், அத்தான் என்பதைத் தெலுங்கில் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடுவாள் என்றா சொன்னேன்? கூவுவாள். அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கவே தங்காது.

குவாரியில் வெடிக்காரருக்கு மரியாதையும் உண்டு, வசவும் உண்டு. சைரன் ஊத வேண்டும், சிவப்புக் கொடி நட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதெல்லாம் நடக்கும். அதற்கு மேல் அந்தப் பக்கத்துக் குவாரிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. வெடிக்காரர் பள்ளத்தின் விளிம்பில் நின்று "வேட்டேய்!" என்று நீட்டிக் கூவுவார். கூவிவிட்டுக் காத்திருப்பார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கலாம். பாறை மறைவில் தூங்கிப்போனவனோ, வயிறு சரியில்லாமல் ஒதுங்கினவனோ, சைரனை லட்சியம் பண்ணாமல் மெஷினைக் கழற்றிக்கொண்டிருப்பவனோ இருப்பான். அவன் பதிலுக்குக் கத்த மாட்டான். கையில் அகப்பட்ட இரும்பால் மூன்று தட்டு தட்டுவான். பள்ளத்தில் குரல் நாலு பக்கமும் மோதி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். இரும்புச் சத்தத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

தட்டு கேட்டதும் வெடிக்காரர் கையை எடுத்துவிட வேண்டும். தட்டினவன் எழுந்து, ஓடாமல், நடந்து வருவான். சரளைக்கல்லில் ஓடினால் காலை முறித்துக்கொள்வான் என்பதால் ஓடக்கூடாது. அவன் வெடிக்காரரைத் தாண்டிப் போன பிறகுதான் வேட்டு. அவ்வளவு நேரமும் முதலாளி ஜீப்பில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். கடிக்கட்டும். இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரோ செத்துத்தான் ஆரம்பித்திருக்கும்.

ஒரு சமயம் மெஷின் ஓட்டுகிற தடியன் ஒருவன், இன்னும் கொஞ்சம் நிழலில் படுத்திருக்கலாம் என்று சும்மாவே தட்டிவிட்டான். பங்காரு காத்திருந்தார். ஆள் வரவில்லை. பள்ளத்தில் இறங்கிப்போய்ப் பார்த்தால் அவன் பீடி பிடித்துக்கொண்டிருக்கிறான். அன்று பங்காரு வாயிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் வந்ததை எழுத முடியாது. மறுநாள் அதே மூலையிலிருந்து அதே தட்டு கேட்டது. பொய்யாகத்தான் இருக்கும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். பங்காரு நிறுத்தினார். தட்டினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு ஓட வேண்டும். பிறகு கம்பி இழுத்து, எட்டியிருந்து சாவி திருப்புகிற பெட்டி வந்தது. சில வருடங்களுக்கு முன் முதலாளி ரிமோட் வாங்கிக்கொண்டு வந்தார். கம்பியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். "இன்னாது, டிவி மாத்தற மாதிரி?" என்று பங்காரு முகத்தைச் சுளித்தார். முட்டிவலிக்கு அது எவ்வளவு சுகம் என்று தெரிந்ததும், பச்சைப்பிள்ளை மாதிரி துண்டில் சுற்றி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். யாரையும் தொட விடமாட்டார். வெடிமருந்து கட்டின கைதான் பொத்தானையும் அழுத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். "ஒருத்தன் கட்டி இன்னொருத்தன் அமுக்கினா, பாவம் நடுவுல தொங்கிக்கினு நிக்கும். யார் தலையிலயும் இறங்காது" என்பார்.

போன ஆவணியில் ஒரு நாள் குவாரிக்குள் போலீஸ் ஜீப் வந்தது. லைசென்ஸ் பார்க்க வந்துவிட்டார்கள் என்று முதலாளி பதறிப்போய்ச் சட்டையை மாட்டினார். அவர்கள் கேட்டது பங்காருவை. ரிமோட்டையும் கொஞ்சம் மருந்தையும் எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னார்கள். எதற்கு என்பதை வழியில்தான் சொன்னார்கள்.

ஆர்.கே.பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர், அதன் தெருக்கோடியில் ஒரு விசைத்தறிக் கொட்டகை. அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் வீரபத்திரன். அன்று காலையில் பெண்டாட்டி தேவிப்பிரியாவை அடித்திருக்கிறான். அது புதிதில்லை. இந்தத் தடவை அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய்ப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். ஒரு ஏட்டும், பரணிதரன் என்கிற இளம் கான்ஸ்டபிளும் வந்தார்கள். காட்டுப்பன்றிக்கு என்று வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை வீரபத்திரன் எடுத்துச் சுட்டான். ஏட்டு வாசலிலேயே விழுந்து இறந்துபோனார். பரணிதரனுக்குத் தொடையில் ரவை பாய்ந்தது. தவழ்ந்து போய் வாசலோரத்துச் சிமெண்ட் தொட்டிக்குப் பின்னால் விழுந்தான். அவனைத் தூக்கப் போனவர்கள் மீதும் வீரபத்திரன் சுட்டான். உள்ளே ஒரு துப்பாக்கியா, இரண்டா, யாருக்கும் தெரியாது.

பங்காரு போய் இறங்கியபோது தெரு முழுக்க ஜனம். எல்லோர் கையிலும் போன். தேவிப்பிரியா உதடு வீங்கிப்போய், போலீஸ் வேன் மறைவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோ பாரு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உன்மேல கேஸ் குடுக்கமாட்டேன். வெளிய வந்துடு. விஜி அழுவுது. உன் பொண்ணுதான அது? வந்துடுய்யா."

இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏட்டைக் கொன்றவன் மேல் அவள் கேஸ் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? அதெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள். தொண்டை கட்டி, குரல் கிழிந்து, கடைசியில் மைக்கில் வெறும் காற்றுத்தான் வந்தது. உள்ளேயிருந்து ஒரு பதிலும் இல்லை.

டி.எஸ்.பி. பங்காருவைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. செத்துப்போன ஏட்டு அவரோடு பல வருடம் வேலை பார்த்தவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்தப் பையனுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. உள்ள ஆள் அனுப்பினா இன்னொருத்தன் விழுவான். வாசலை ஒட்டின சுவரை உடைச்சுட்டா, அந்தப் புகையில பையனையும் தூக்கிடலாம், உள்ளயும் நுழைஞ்சுடலாம். தொட்டி மறைவுல பையனுக்கு ஒண்ணும் ஆகாது. வண்டி கொண்டுபோய் வெச்சுடும். நீ கட்டிக் குடு, போதும்."

"ஆள் மேல இல்லைங்களே?" என்று பங்காரு கேட்டார்.

"சுவர் மேலதான்யா. பொறுப்பு எங்களுது."

வண்டி என்று அவர் சொன்னது வெளியூரிலிருந்து வந்த வெடிகுண்டுப் பிரிவின் இயந்திரத்தை. முழங்கால் உயரம், சங்கிலிச் சக்கரம், நீளமாக ஒரு கை, கையின் நுனியில் கேமரா. அதை ஓட்டுகிற சப்-இன்ஸ்பெக்டர் ஜெபசிங் இளைத்த மனிதர். பங்காரு மருந்தைக் கட்டும்போது அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"குண்டு இருந்தா எடுத்துக்கினு வர்றதுக்குத்தாண்ணா இந்த வண்டி. குண்டு ஏத்தி அனுப்பறது எனக்கு இதுதான் மொத வாட்டி."

பங்காரு மருந்தைக் கொஞ்சமாகத்தான் எடுத்தார். பாறைக்குக் கட்டுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. தொட்டிக்குப் பின்னாலிருந்து பரணிதரனின் முனகல் விட்டு விட்டுக் கேட்பதாக எல்லோரும் சொன்னார்கள். பங்காருவுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவன் பூட்ஸ் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டேதான் கட்டி முடித்தார்.

வண்டி ஊர்ந்துபோய் வாசலை ஒட்டி நின்றது. ரிமோட்டை ஜெபசிங்கிடம் கொடுக்கச் சொன்னார் டி.எஸ்.பி. பங்காரு ஒப்பவில்லை.

"நான் கட்டினதுங்க. நான்தான் அமுக்கணும்."

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். அந்த வீம்பு எங்கிருந்து வந்ததோ. டி.எஸ்.பி.க்கு வாதம் பண்ண நேரமில்லை, விட்டுவிட்டார்.

பங்காரு வேனுக்குப் பின்னால் நின்றார். விரலைப் பொத்தான் மேல் வைத்தார். வைத்ததும், யாரும் சொல்லாமலே, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வேட்டேய்!"

தெருவே அடங்கிப்போனது. டி.எஸ்.பி. திகைத்துத் திரும்பிப் பார்த்தார். சுவருக்கு வெடி வைக்கப்போகிறவர் எதற்காகக் கூவினார் என்று கேட்டால் பங்காருவால் சொல்லத் தெரியாது. சோற்றுக்கு முன்னால் கை கழுவுகிற மாதிரி, வேட்டுக்கு முன்னால் கூவுவது. அவ்வளவுதான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பின் மேல் இரும்பு. டங். டங். டங்.

கமலா அடுப்படியிலிருந்து கூவுவதே காதில் விழாத மனிதருக்கு அது கணீரென்று கேட்டது. உள்ளே இருப்பவன் தறிக்காரன் மட்டுமில்லை, என்றைக்கோ ஏதோ ஒரு குவாரியில் கல் உடைத்தவன் என்பது அவருக்கு அந்த நொடியில் தெரிந்தது. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார்.

"கம்பியை விட்டு மருந்து இடிக்கிறான், துப்பாக்கியைக் கெட்டிக்கிறான்" என்று ஒரு போலீஸ்காரர் கத்தினார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நாட்டுத் துப்பாக்கியில் அப்படித்தான் கம்பியால் இடித்து மருந்தை நிரப்புவார்கள்.

"இல்லீங்க, அது வந்து, குவாரியில..." என்று பங்காரு ஆரம்பித்தார். ஒரு தொழிலின் பழக்கத்தை ஒரு மூச்சில் யாருக்கு விளக்கிவிட முடியும்?

ஜெபசிங் கையிலிருந்த சின்னத் திரையில் கொட்டகையின் உட்புறம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. தறிகளுக்கு நடுவிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. வாசலைப் பார்த்து வந்தது. கையில் நீளமாக என்னவோ இருந்தது. தட்டின இரும்பா, துப்பாக்கியா, அந்தத் திரையில் கடவுளே வந்து பார்த்தாலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஒன்று மட்டும் பங்காருவுக்குத் தெரிந்தது. அவன் ஓடி வரவில்லை. நடந்து வந்தான்.

"வண்டிகிட்ட வந்துட்டான், அமுக்குய்யா! பையனைச் சுட்டுடுவான், அமுக்கு!" என்று டி.எஸ்.பி. கத்தினார்.

சுவர் என்ற பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. யாரும் பங்காருவின் கையைப் பிடித்து அழுத்தவில்லை. எத்தனையோ வருடமாக இரும்புச் சத்தம் கேட்டால் விரலை எடுத்தவர், ஒரு அதட்டலுக்குப் பொத்தானை அழுத்திவிட்டார்.

பரணிதரன் பிழைத்துக்கொண்டான். வீரபத்திரன் வாசலுக்கு உள்பக்கம் கிடந்தான். பக்கத்தில் துப்பாக்கியும் கிடந்தது, தறியைக் கழற்றுகிற இரும்புக் கம்பி ஒன்றும் கிடந்தது. எது அவன் கையில் இருந்தது, எது வெடியில் வந்து விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாளே தெருமுனையில் பேனர் வைத்துவிட்டார்கள். செத்துப்போன ஏட்டின் படம் பெரியதாக, கீழே பொடியாகப் பங்காருவின் படம், யார் கல்யாணத்திலோ எடுத்தது. டீக்கடைக்காரர் எழுந்து நின்று டீ கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தினமும் அவரைத் திட்டுகிற முதலாளிகூட "வாங்க பங்காரு" என்றார். இந்த மரியாதையெல்லாம் பங்காருவுக்கு உடம்பில் அரிப்பு மாதிரி இருந்தது. இரவு சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். கமலா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவருடைய நல்ல காதுப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா பாவா ஆச்சு உனுக்கு? ஒரு போலீஸ்காரனைக் கொன்னவன் செத்தான். ஒரு புள்ள பொழைச்சுது. இதுல உனுக்கு இன்னா?"

பங்காரு சொன்னார். கூவினது, தட்டு கேட்டது, விரலை எடுத்தது, திரும்ப வைத்தது எல்லாவற்றையும். கமலா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத வேற யாராண்டயாவது சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொல்லாத."

திருத்தணி மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தால் மனசு லேசாகும் என்றும் அவள்தான் சொன்னாள். கிருத்திகை இல்லாத நாளாகப் பார்த்து, படியேறிப் போய் மொட்டை போட்டு, சாமி பார்த்து, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினார். தலை லேசானது. மனசு ஆகவில்லை.

குவாரியில் முதல் வெடியன்று விளிம்பில் நின்று கூவினார். தட்டு எதுவும் வரவில்லை. பள்ளம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவரால் அழுத்த முடியவில்லை. இறங்கிப்போய் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். மேலே வந்து மறுபடியும் கூவினார். மறுபடியும் இறங்கினார். சோற்று வேளை தாண்டிப்போய் எல்லோரும் முணுமுணுத்தார்கள். மரியாதை கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி பழையபடி திட்ட ஆரம்பித்தார். அதுவாவது பங்காருவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஜெபசிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, வழியில் பங்காருவைப் பார்க்க வந்தார். அவருக்கும் தூக்கம் கெட்டிருந்தது போலிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் எல்லா விதத்துலயும் யோசிச்சுப் பாத்துட்டேண்ணா. பத்து பேரை உள்ள அனுப்பி இருந்தா ரெண்டு பேராவது போயிருப்பாங்க. அவங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க. வண்டி போனதுனால நம்ம ஆளு ஒருத்தனுக்கும் கீறல்கூட இல்ல."

"ஆங்" என்றார் பங்காரு. அதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஏட்டின் குடும்பம் கதறினதை அவரும் பார்த்திருக்கிறார்.

"ஆனா ஒண்ணு" என்று ஜெபசிங் டம்ளரைக் கீழே வைத்தார். "துப்பாக்கியைப் புடிச்சுக்கினு வாசல்ல நம்ம ஆள் ஒருத்தன் நின்னிருந்தா, உள்ள இருந்து வர்றவன் கையைத் தூக்கறானா, குறி வெக்கறானான்னு கண்ணால பாத்துட்டுச் சுட்டிருப்பான். பயம் இருக்கும், ஆனா பாத்திருப்பான். நாம தூர நின்னோம். நமக்குப் பயமே இல்ல. பயம் இல்லாதவனுக்கு எதுக்கு அவ்ளோ அவசரம்? அதான் எனக்குப் புரியல."

பங்காரு அப்போதாவது அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கமலாவை நினைத்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார்.

பரணிதரன் ஊன்றுகோலோடு வந்தது அதற்குப் பிறகு. கூட அவன் அம்மா, ஒரு பை நிறைய ஆப்பிள். அந்த அம்மாள் வாசலிலேயே பங்காருவின் காலில் விழப்போனாள். அவர் பதறிப் பின்வாங்கி, தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டார். கமலா அவளைத் தூக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வெளியே பரணிதரனும் அவரும் மட்டும் நின்றார்கள்.

"ண்ணா, ஒண்ணு கேக்கணும். நீங்க கூவினீங்க இல்ல, அப்பால உள்ள டங்கு டங்குன்னு மூணு வாட்டி அடிச்சான். எல்லாரும் துப்பாக்கி கெட்டிக்கினான்னு சொல்றாங்கோ. நான் அவனுக்குக் கிட்டக் கெடந்தேன். அவன் துப்பாக்கி கெட்டிக்கற சத்தத்தை அன்னைக்கு ரெண்டு வாட்டி கேட்டேன். அது வேற மாதிரி இருந்துச்சு. இது இன்னா சத்தம்ணா?"

"எனுக்குக் காது கேக்காதுப்பா" என்றார் பங்காரு.

பையன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. அந்த ஆப்பிளில் ஒன்றைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை. தெருவில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

போலீஸ் கையால் ஒருவன் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. பங்காருவுக்கும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். விசாரணைக்கு முதல்நாள் கமலா சட்டையைத் துவைத்து மடித்துவைத்தாள். அந்தச் சட்டையை அவர் கையில் கொடுத்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

"கூவினேன், பதில் வரலன்னு சொல்லு. அவ்ளோதான். இல்லன்னா தெரிஞ்சே கொன்னேன்னு உன்னைத்தான் புடிச்சு உள்ள வெப்பாங்கோ. போலீஸ்காரன் ஒருத்தனையும் வெக்கமாட்டாங்கோ."

அவள் சொன்னது நியாயமான பயம். திருத்தணியில் அந்த அலுவலகத்து வராந்தாவில் டி.எஸ்.பி.யும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

"நீ சத்தம் குடுத்தே பாரு, அதுதான் நம்ம எல்லாரையும் காப்பாத்துது. முறைப்படி எச்சரிக்கை குடுத்தாச்சு. பதில் ஏதாவது வந்துச்சான்னு கேட்டா, உனக்குத்தான் காது மந்தமே, தெரியாதுன்னு சொல்லிடு. உன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன்."

அவர் உண்மையிலேயே பங்காருவின் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அந்த மனிதரின் முகமும் தேய்ந்துபோயிருந்தது. பங்காரு "சரிங்க" என்றார்.

உள்ளே அதிகாரி ஒரு அம்மாள், முகத்தில் கடுமை இல்லை. சுவரோரத்துப் பெஞ்சில் தேவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். உதட்டு வீக்கம் வடிந்து, முகமே வேறு மாதிரி சின்னதாகியிருந்தது. அவளிடம் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார்கள். மைக்கில் கூப்பிட்டதையும் அவன் பதிலே சொல்லாததையும் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவன் குவாரி வேலைக்குப் போனதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வெடிக்கிறதுக்கு முன்னாடி எச்சரிக்கை குடுத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

பங்காரு வாயைத் திறந்தார். ஆங் என்று ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அது எச்சரிக்கை இல்லீங்கம்மா" என்றார். வழக்கம்போல அறை அதிர்ந்தது. "ஓடிப்போ, வெடிக்கப்போறேன்னு சொல்றது சைரனு. நான் கூவினது வேற. உள்ள கீறியா, கீறேன்னா தட்டு, நீ என்னைத் தாண்டிப் போற வரைக்கும் நான் கை வெக்கமாட்டேன். அதான் அதுக்கு அர்த்தம். குவாரியில அத நம்பித்தான் நாங்க எல்லாரும் வேலை செய்றோம்."

"பதில் வந்துச்சா?"

"மூணு தட்டு தட்டினான். நல்லாக் கேட்டுச்சு. அப்பால எழுந்து நடந்து வந்தான். எங்க ஆளுங்க வர்ற மாதிரியே வந்தான். கையில இன்னா இருந்துச்சுன்னு எனுக்குத் தெரியாது. ஆனா வர்றதுக்குத்தான் வந்தான். அது எனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அமுக்கினேன்."

"உங்களை அழுத்தச் சொன்னது யார்?"

"சொன்னாங்கம்மா. அந்தப் புள்ள அங்க கெடந்துச்சு, அவங்களுக்கு அந்தப் பயம். ஆனா கூவினது நானு. அவன் என்னை நம்பித்தான் எழுந்தான், அவங்களை நம்பி இல்ல."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். எழுதுங்க, என்றார் அந்த அம்மாள். வராந்தாவில் டி.எஸ்.பி. நின்றுகொண்டிருந்தார். பங்காரு அவ்வளவு சத்தமாகப் பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் அவருக்குக் கேட்டிருக்கும். பங்காரு வெளியே வந்ததும் அவர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

பஸ் ஸ்டாண்டில் பொதட்டூர்பேட்டை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும், லைசென்ஸ் போகுமா, ஜெயிலா, கமலாவிடம் எப்படிச் சொல்வது என்று பங்காரு ஒன்றையும் யோசிக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. யாரோ கையைத் தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால் தேவிப்பிரியா. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ.

அடிக்கப்போகிறாள் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். அவள் அவருடைய முகத்துக்கு நேராக வந்து நின்று, உதட்டைப் பார்த்தால்கூடப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அண்ணா, மெய்யாலுமே அவரு வெளிய வரத்தான் எழுந்தாரா?"

"ஆங்மா."

"சுடறதுக்கு இல்லியே?"

"இல்லம்மா. சுட வர்றவன் தட்டிட்டு வரமாட்டான்."

அவள் அழவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். திருப்பதி வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆறு வருசம் குடும்பம் பண்ணேன்ணா. தொண்டை கிழியற மாதிரி கூப்ட்டேன். புள்ள பேரைச் சொல்லிக் கூப்ட்டேன். வரல. நீ யாரு எவருன்னே அவருக்குத் தெரியாது. உன் ஒரு குரலை நம்பி எழுந்து வந்துட்டாரே, அண்ணா."